₹50 பார்... ₹195 பில்! 4 மணிப் பசிக்கு வீட்டிலேயே கிரானோலா பார் – முழு கணக்கோட



ஆபீஸ்ல மணி 4 ஆகுது. மதியம் சாப்பிட்டது எங்க போச்சுன்னே தெரியல, வயிறு கேட்க ஆரம்பிக்குது. கேன்டீன்ல எண்ணெய் வடியுற பஜ்ஜி இருக்கு. "வேண்டாம், ஹெல்தியா ஏதாவது சாப்பிடலாம்"னு நினைச்சு மொபைலை எடுக்கிறீங்க. பத்து நிமிஷ டெலிவரி ஆப்ல ஒரு கிரானோலா பார். விலை ₹50. ஆனா பணம் கட்டும்போது ஸ்கிரீன்ல ₹195னு நிக்குது!

இது எப்படி நடக்குது, இதை எப்படி நிறுத்துறது, அதுக்கு ஞாயித்துக்கிழமை 40 நிமிஷம் செலவு பண்ணி வீட்டிலேயே 12 பார் எப்படி பண்றதுன்னு இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம். ஓவன் வேண்டாம். ஒரு அடுப்பு, ஒரு வாணலி, ஒரு டப்பா போதும். ரெசிபி மட்டும் வேணும்னா நேரா கீழே போயிடலாம். ஆனா கணக்கைப் படிச்சுட்டுப் போனீங்கன்னா இன்னும் நல்லது.

என் யூபிஐ ஹிஸ்டரி சொன்ன கதை

ஒரு மாசத்து யூபிஐ ஹிஸ்டரியை எடுத்து, மதியம் 3.30ல இருந்து 5 மணிக்குள்ள போன பணத்தை மட்டும் தனியா எழுதிப் பார்த்தேன். நீங்களும் இன்னைக்கே பண்ணிப் பாருங்க, பத்து நிமிஷ வேலை.

எனக்கு வந்த கணக்கு இது:

- ஆபீஸ் கீழே இருக்கிற கடையில் பார் மட்டும் வாங்கினது: 13 நாள் × ₹50 = ₹650
- ஆப்ல ஆர்டர் பண்ணினது: 8 நாள் × ₹195 = ₹1,560
- மொத்தம்: ₹2,210

அந்த ₹195 எப்படி வந்தது? பார் ₹50. தனியா ஒரு பாருக்கு டெலிவரி சார்ஜ் கட்ட மனசு வரல, அதனால கூட ஒரு கோல்ட் காபி ₹70, ஒரு சிப்ஸ் ₹30. அப்படியும் டெலிவரி, ஹேண்ட்லிங்னு ₹45. "ஹெல்தி"னு ஆரம்பிச்ச ஆர்டர்ல சிப்ஸும் சர்க்கரை போட்ட காபியும் சேர்ந்தே வந்துடுச்சு.

இங்கதான் விஷயமே இருக்கு. பாரை வீட்டில் செஞ்சா ஒரு பாருக்கு மிச்சம் சுமார் ₹38. ஆனா பையில் ஒரு பார் இருந்து, அதனால 4 மணிக்கு ஆப்பைத் திறக்காம விட்டா, அந்த ஒரு நாள் மிச்சம் ₹183. பெரிய தொகை அந்த ரெண்டாவதுதான். அதனால "வீட்டில் செஞ்சா சீப்"ங்கிறதை விட, பசிக்கிற நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல சாப்பாடு இருக்கிறதுதான் முக்கியம்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க

கடையில் வாங்குற எல்லா பாரும் மோசம்னு நான் சொல்ல மாட்டேன். நல்லதும் இருக்கு. ஆனா வாங்கும் முன்னாடி மூணு இடத்தைப் பாருங்க.

1. பொருட்கள் பட்டியல்: நம்ம நாட்டு லேபிள் விதிப்படி எது எடையில் அதிகமோ அதுதான் முதல்ல வரணும். முன் பக்கம் பாதாம் படம் பெருசா இருக்கும், பின்னாடி பட்டியலில் பாதாம் ஏழாவது இடத்துல இருக்கும். குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், தேன், வெல்லம்னு நாலு பேர்ல பிரிஞ்சு இருந்தாலும் எல்லாமே இனிப்புதான். நாலையும் சேர்த்துப் பாருங்க.

2. சர்க்கரை அளவு: 100 கிராமுக்கு எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. 100 கிராமுக்கு 30 கிராம்னா, 40 கிராம் பாரில் 12 கிராம். அதாவது 3 டீஸ்பூன். சேர்த்த சர்க்கரை எவ்வளவுன்னு தனி வரி இருக்கும், அதையும் பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இப்படிச் சேர்க்கிற சர்க்கரை, தேன், ஜூஸ் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள்ள, அதாவது 6 டீஸ்பூனுக்குள்ள இருந்தா கூடுதல் நன்மைன்னு சொல்லியிருக்காங்க. நீங்க குடிக்கிற ரெண்டு டீயையும் இதுல சேர்த்துக் கணக்குப் போட்டுக்கோங்க.

3. ஒரு கிராம் விலை: எம்ஆர்பி பக்கத்துலயே சின்ன எழுத்துல யூனிட் விலை, அதாவது ஒரு கிராமுக்கு எத்தனை ரூபாய்னு அச்சடிச்சிருப்பாங்க. யாரும் பார்க்கிறதே இல்லை. 40 கிராம் பார் ₹50னா 100 கிராம் ₹125. வீட்டில் செய்றது 100 கிராம் சுமார் ₹27. ரெண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது எம்ஆர்பியை விட்டுட்டு இந்த எண்ணைப் பாருங்க. மளிகைக் கடையில் எல்லாப் பொருளுக்கும் இது உதவும்.

12 பாருக்குத் தேவையான பொருட்கள்

ஓட்ஸ், பருப்பு, விதை, ஏதாவது ஒரு இனிப்புப் பசை. கிரானோலா பார்ங்கிறது இவ்வளவுதான். நம்ம எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் இதே வேலையைத்தான் செய்யுது. அதனால வெளிநாட்டுப் பொருள் எதையும் தேடி அலைய வேண்டாம். தெருமுனை மளிகைக் கடையே போதும்.

விலை ஊருக்கு ஊர் மாறும். நான் தோராயமா எடுத்துக்கிட்ட விலை இது:

- ரோல்டு ஓட்ஸ் 150 கிராம் – ₹30
- வறுத்த வேர்க்கடலை 80 கிராம் – ₹15
- பொட்டுக்கடலை 50 கிராம் – ₹6
- எள்ளு 20 கிராம் – ₹6
- பூசணி விதை 20 கிராம் – ₹12
- கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 150 கிராம் – ₹51
- வெல்லம் 60 கிராம் – ₹5
- நெய் 2 டீஸ்பூன் – ₹7
- ஏலக்காய், உப்பு, பட்டர் பேப்பர், கேஸ் – ₹12

மொத்தம் ₹144. 12 பார்னா ஒண்ணு ₹12. எடை சுமார் 45 கிராம்.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடறேன். 20 கிராம் எள்ளை எந்தக் கடையிலும் தர மாட்டாங்க. பாக்கெட்டா வாங்கணும். ஓட்ஸ், பேரீச்சம்பழம், வெல்லம் தலா அரை கிலோ, வேர்க்கடலை, பொட்டுக்கடலை தலா கால் கிலோ, எள்ளு, பூசணி விதை தலா 100 கிராம்னு வாங்கினா முதல் தடவை பில் சுமார் ₹475 வரும். இதுல 3 தடவை, அதாவது 36 பார் பண்ணலாம். அதனால மாசக் கடைசியில் ஆரம்பிக்காதீங்க, சம்பளம் வந்த வாரம் ஆரம்பிங்க.

ஓட்ஸ் வாங்கும்போது சாதா ரோல்டு ஓட்ஸ் வாங்குங்க. மசாலா ஓட்ஸ் சரிவராது. ஸ்டீல் கட் ஓட்ஸ் கல்லு மாதிரி பல்லுல மாட்டும்.

செய்முறை

1. ஓட்ஸை வெறும் வாணலியில் சின்னத் தீயில் 6, 7 நிமிஷம் வறுங்க. பேக்கிங் இல்லைங்கிறதால வாசனை, மொறுமொறுப்பு ரெண்டும் இந்த வறுவல்லதான் வருது. நிறம் லேசா மாறி நல்ல வாசம் வந்ததும் தட்டுல கொட்டிடுங்க.

2. அதே வாணலியில் எள்ளு, பூசணி விதை போட்டு, எள்ளு வெடிக்க ஆரம்பிச்சதும் எடுத்துடுங்க. 30 விநாடி அதிகமானா கசக்கும்.

3. வேர்க்கடலையைத் தோல் நீக்கி ரெண்டு பங்காக்குங்க. ஒரு பங்கை ஒண்ணும் பாதியுமா தட்டிக்கோங்க. இன்னொரு பங்கை மிக்ஸியில் சின்ன ஜார்ல போட்டு, எண்ணெய் விட்டு விழுதா ஆகும் வரை விட்டு விட்டு அரைங்க. கடையில் வாங்குற பீனட் பட்டர் வேலையை இது செஞ்சுடும்.

4. பேரீச்சம்பழத்தைப் பொடியா நறுக்குங்க. "கொட்டை எடுத்தது"ன்னு பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஒவ்வொண்ணா பிச்சுப் பார்த்துடுங்க. ஒரு கொட்டை கடிபட்டாலும் பல் டாக்டர் பில் இந்த மொத்த சேமிப்பையும் சாப்பிட்டுடும்!

5. வெல்லத்தை 2 டேபிள்ஸ்பூன் தண்ணி விட்டுக் கரைச்சு வடிகட்டுங்க. மண் இருக்கும், வடிகட்டாம விடாதீங்க. திரும்ப அடுப்புல வச்சு, அதிரசத்துக்கு எடுக்கிற பதம் வரைக்கும் கொதிக்க விடுங்க. ஒரு சொட்டைத் தண்ணியில் விட்டா கரையக் கூடாது, விரலால் உருட்டினா மெத்துன்னு உருளணும். கடலை மிட்டாய் மாதிரி 'டக்'னு சத்தம் வர வரைக்கும் போகாதீங்க, பார் கடிக்க முடியாம போயிடும்.

6. தீயைச் சின்னதாக்கி நெய், பேரீச்சம்பழம் போட்டுக் கரண்டியால் மசிங்க. ரெண்டு நிமிஷத்துல விழுதாயிடும். அரைச்ச வேர்க்கடலை, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கிளறி அடுப்பை அணைச்சுடுங்க.

7. வறுத்த ஓட்ஸ், பொட்டுக்கடலை, விதை எல்லாத்தையும் கொட்டி சூடு ஆறும் முன்னாடி கலந்துடுங்க.

8. சுமார் 8 இஞ்ச் சதுர டப்பா அல்லது விளிம்புள்ள தட்டில் பட்டர் பேப்பர் போட்டுக் கலவையைக் கொட்டுங்க. தம்ளரோட அடிப்பாகத்துல நெய் தடவி நல்லா அழுத்துங்க. கை வலிக்கிற அளவுக்கு அழுத்தணும். பார் உதிராம நிக்கிறதுக்குப் பாகு பாதி காரணம்னா, இந்த அழுத்தம் மீதிப் பாதி.

9. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு எடுத்து 12 துண்டு போடுங்க. ஒவ்வொண்ணையும் தனியா பட்டர் பேப்பர்ல சுத்தி டப்பாவில் அடைச்சுடுங்க. வெளியில் 5 நாள் தாங்கும், ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரம். சித்திரை வெயில்ல ஃப்ரிட்ஜ்தான் நல்லது.

பிஜி ஹாஸ்டல்ல இருக்கீங்க, கெட்டில் மட்டும்தான் இருக்கா? பேரீச்சம்பழத்தைக் கொஞ்சம் வெந்நீர்ல 10 நிமிஷம் ஊற வச்சு, தண்ணியை நல்லா வடிச்சு, கையால் மசிங்க. கடையில் வறுத்தே கிடைக்கிற வேர்க்கடலை, பொட்டுக்கடலையோட ஓட்ஸையும் சேர்த்துச் சின்ன உருண்டையா பிடிங்க. ரோல்டு ஓட்ஸ் தயாரிக்கும்போதே ஆவியில் வேக வச்சதுதான், வறுக்காமலும் சாப்பிடலாம். மொறுமொறுப்பு இருக்காது, ஈரம் இருக்கிறதால ரெண்டு நாளைக்குள்ள காலி பண்ணிடணும். அவ்வளவுதான்.

சொதப்பிடுச்சா? கவலை வேண்டாம்

- உதிர்ந்து போகுதா: பாகு பதம் பத்தல, இல்லைன்னா அழுத்தினது பத்தல. தூக்கிப் போடாதீங்க. அதுதான் கிரானோலா! காலையில் பால், தயிர்ல போட்டுச் சாப்பிடுங்க.
- பல்லு உடையுற மாதிரி இருக்கா: பாகு பதம் தாண்டிடுச்சு. கொஞ்ச நேரம் வெளியில் வச்சும் இளகலைன்னா தட்டி நொறுக்கி, அதையும் பால்லதான்.
- பிசுபிசுன்னு ஒட்டுதா: தண்ணி அதிகம். ஃப்ரிட்ஜ்லயே வச்சுச் சீக்கிரம் காலி பண்ணுங்க.
- சிக்கு வாடை அடிக்குதா: வேர்க்கடலையோ எள்ளோ பழசு. இதை மட்டும் காப்பாத்த முடியாது. அடுத்த தடவை வாங்கும்போது ஒண்ணு வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்க.

இது நிஜமாவே ஹெல்தியா?

ஒரு பாரில் சுமார் 180 கலோரி, 5 கிராம் புரதம் இருக்கும். சேர்த்த வெல்லம் 5 கிராம், சுமார் ஒரு டீஸ்பூன். பேரீச்சம்பழத்தோட இனிப்பு தனி. நார்ச்சத்து, நல்ல கொழுப்பு இருக்கிறதால வயிறு கொஞ்ச நேரம் தாங்கும். ஆனா 180 கலோரிங்கிறது ரெண்டு, மூணு இட்லிக்குச் சமம். "வீட்டில் செஞ்சதுதானே"ன்னு மூணு பார் சாப்பிட்டா உடம்பு விட்டுக் கொடுக்காது.

வெல்லமும் பேரீச்சம்பழமும் சர்க்கரை இல்லைன்னு நினைக்காதீங்க. சர்க்கரை வியாதி இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சாப்பிடுங்க. ஆபீஸ்ல பங்கு போடும்போது யாருக்காவது வேர்க்கடலை அலர்ஜி இருக்கான்னு கேட்டுடுங்க.

நான் பண்ணின ₹1,860 தப்பு

முதல் தடவை வீடியோக்களைப் பார்த்து உற்சாகமாகி ஒரே நாள்ல எல்லாத்தையும் வாங்கினேன். சியா விதை, மேப்பிள் சிரப், காய்ந்த கிரான்பெர்ரி, பாதாம் பட்டர், ஆளி விதைப் பொடி, சிலிக்கான் மோல்டு. பில் ₹1,860.

ஒரு பாருக்கு ₹38 மிச்சம்னா, ₹1,860ஐ எடுக்க 49 பார் பண்ணணும். அதுவும் ₹12 பார்! அந்தப் பொருட்களைப் போட்டுச் செஞ்ச பார் ஒண்ணு ₹35ஐத் தாண்டிடுச்சு. நான் பண்ணினது மொத்தம் 14 பார். ஆளி விதைப் பொடி சிக்கு வாடை அடிச்சுக் குப்பைக்குப் போச்சு. மோல்டு இன்னும் அலமாரியில் இருக்கு.

சேமிக்கிறேன்னு சொல்லிக்கிட்டே செலவு பண்றது நம்ம எல்லாருக்கும் வர வியாதி. ஜிம் போகும் முன்னாடியே ஷூ வாங்குற மாதிரி. அதனால ஒரு விதி வச்சுக்கோங்க: முதல் மூணு தடவை பண்ணி முடிக்கிற வரைக்கும் புதுப் பாத்திரம், புதுப் பொருள் எதுவும் வாங்கக் கூடாது.

என் நேரத்துக்கு விலை இல்லையா?

நிறைய பேர் கேட்கிற நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். கையில் வர்ற சம்பளம் ₹40,000. மாசம் 22 நாள், தினம் 9 மணி நேரம்னா ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ₹200. 40 நிமிஷம்னா ₹135. 12 பாரில் மிச்சம் ₹456. நேரத்தோட விலையைக் கழிச்சாலும் ₹321 கையில் நிக்குது. பழகினப்புறம் அரை மணி நேரம் போதும்.

இருந்தாலும், சமையல் கட்டுப் பக்கமே போகப் பிடிக்காதுன்னா வற்புறுத்த மாட்டேன். அவங்களுக்கும் வழி இருக்கு: கடலை மிட்டாய். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. வேர்க்கடலையும் வெல்லமும்தான் அதுல பிரதானம். வெல்லம் நம்ம பாரை விட அதிகம், அதனால அளவா. கூட ஒரு வாழைப்பழம் வச்சுக்கிட்டா 4 மணிப் பிரச்னை முடிஞ்சது. பையில் ஏதோ ஒண்ணு இருக்கணும், அதுதான் முக்கியம்.

மிச்சமான காசு எங்க போச்சு?

பார் பண்ண ஆரம்பிச்ச அடுத்த மாசம் என் கணக்கு: ரெண்டு தடவை பண்ணினதுக்கு ₹288. ஆப் ஆர்டர் முழுசா நிக்கல, ரெண்டு தடவை விழுந்துட்டேன், ₹390. மொத்தம் ₹678. முந்தின மாசம் ₹2,210. மிச்சம் ₹1,532.

ஆனா மாசக் கடைசியில் அக்கவுன்ட்டைப் பார்த்தா அந்த ₹1,532 அங்க இல்லை! செலவு பண்ணாத பணம் தானா சேமிப்பா மாறிடாது. அது வேற ஏதாவது ஒரு ஆஃபர்ல போயிடும். அதனால அடுத்த மாசத்துல இருந்து சம்பளம் வந்த மறுநாளே ₹1,500 ஆட்டோ டெபிட்ல போற மாதிரி வச்சுட்டேன்.

எங்க போடலாம்? இந்த வரிசையில் பாருங்க:

1. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தா முதல்ல அது. கார்டு வட்டி பெரும்பாலும் மாசத்துக்கே 3% அல்லது அதுக்கு மேல. இதை அடைக்கிறதை விட நல்ல முதலீடு கிடையாது.

2. அவசர கால நிதி இல்லைன்னா அடுத்து அது. வங்கியில் ஒரு ஆர்டி போதும்.

3. இது ரெண்டும் சரியா இருந்தா போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மாதிரி ஒண்ணை யோசிக்கலாம். 2023 அக்டோபரில் இதோட வட்டி 6.7% ஆச்சு. வட்டியை அரசு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பரிசீலிக்கும், ஆனா நீங்க சேரும்போது இருக்கிற வட்டி 5 வருஷத்துக்கும் மாறாது. 6.7%ல் மாசம் ₹1,500 போட்டா 5 வருஷத்துல நீங்க கட்டுறது ₹90,000, கைக்கு வர்றது சுமார் ₹1,07,000. 3 வருஷத்துக்கு முன்னாடி மூட முடியாது, அதைத் தெரிஞ்சுக்கிட்டுச் சேருங்க.

மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி வேணும்னாலும் போடலாம், ஆனா அதுல எவ்வளவு வரும்னு யாராலும் உறுதி சொல்ல முடியாது. இது முதலீட்டு ஆலோசனை இல்லை, உங்க நிலைமையைப் பார்த்து முடிவு எடுங்க.

"தினமும் ஸ்நாக்ஸை விட்டா கோடீஸ்வரன் ஆகலாம்"னு நான் சொல்ல மாட்டேன், அது பொய். உங்க வாடகையும் சம்பள உயர்வும் இதை விடப் பல மடங்கு பெரிய விஷயம். ஆனா முதல் வேலையில் இருக்கும்போது வாடகை நம்ம கையில் இல்லை, இன்க்ரிமென்ட்டும் நம்ம கையில் இல்லை. 4 மணிக்கு ஆப்பைத் திறக்கிறதும் திறக்காததும் நம்ம கையில் இருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு வேலை மாறும்போதோ, வீட்டில் ஒரு ஆஸ்பத்திரி செலவு வரும்போதோ, யார்கிட்டயும் கேட்காம எடுக்க ஒரு லட்சம் இருக்கிறது சின்ன விஷயம் இல்லை.

இந்த வாரத்துக்கு உங்க வேலை ரெண்டுதான். ஒண்ணு, 3.30 – 5 மணி யூபிஐ கணக்கை எழுதிப் பாருங்க. ரெண்டு, ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பார் பண்ணிப் பாருங்க. பாகு பதம் எப்படி இருக்கணும்னு சேனல்ல இருக்கிற வீடியோல தெளிவா பார்த்துக்கலாம். உங்க 4 மணிக் கணக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. என்னோட ₹2,210ஐ யாராவது தாண்டுறீங்களான்னு பார்ப்போம்.

அடுத்த கட்டுரையில் சந்திக்கலாம்.